தையல் மட்டும் மக்கவில்லை

மாவட்ட அலுவலகத்திலிருந்து அந்தப் படிவம் வந்தபோது மாசக் கடைசி. பேரூராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கும் எனக்குப் படிவங்கள் புதிதில்லை. தெருவிளக்கு எத்தனை, தெருநாய் எத்தனை, ஓடாத கைப்பம்பு எத்தனை என்று வாரத்துக்கு ஒன்றாவது வரும். இது துணிக்கான படிவம். உங்கள் எல்லைக்குள் மாதம்தோறும் சேரும் துணிக்கழிவில் மக்கும் துணி எத்தனை கிலோ, மக்காத துணி எத்தனை கிலோ, அவை எப்படி அகற்றப்படுகின்றன என்று கேட்டிருந்தார்கள். பழைய துணியை என்ன செய்வது என்று அரசு ஒரு கொள்கை வகுக்கப்போகிறது, அதற்கு இந்த விவரம் வேண்டும் என்று அடியில் ஒரு வரி.

எங்கள் செயல் அலுவலர் படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பாதிக்குப் பாதி போட்டு அனுப்பிடுங்கம்மா. யார் வந்து எடை போட்டுப் பாக்கப் போறாங்க?"

நானும் அப்படித்தான் செய்திருப்பேன். பேனாவைத் திறந்த நேரத்தில், பேட்டரி வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பெண் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்தார். என் வயதுதான் இருக்கும். ஆறு வருடமாக அந்த வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். சும்மா பேச்சுக்காக அவரிடம், "துணி மக்குமா, மக்காதா?" என்று கேட்டேன்.

அவர் கையெழுத்தைப் பாதியில் நிறுத்தினார். "அதைத்தான் மேடம் நானும் தெனம் கேட்டுக்குனு இருக்கேன். ரெண்டாவது வார்டுல டீச்சரம்மா ஒருத்தங்க இருக்காங்க. நான் போறப்பல்லாம் ஒரு சட்டையக் கையில வெச்சுக்குனு நிக்கறாங்க. 'இது பச்சைத் தொட்டியா, நீலத் தொட்டியா'ங்கறாங்க. பச்சைன்னா, 'எப்டி சொல்ற'ங்கறாங்க. நீலம்னா அதுக்கும் 'எப்டி'ங்கறாங்க. கடைசியில சட்டைய எடுத்துக்குனு உள்ள போயிடறாங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமாவது இருக்கும்ங்க."

பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு. சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். வாழைப்பழத் தோல் படம் ஒரு பக்கம், பால் கவர் படம் இன்னொரு பக்கம். சட்டை படம் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சுற்றறிக்கைக் கோப்பை எடுத்துப் புரட்டினேன். அதிலும் இல்லை. படிவத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டு, ஒரு வாரம் துணியை மட்டும் தனியாக வாங்கி எடை போட்டுப் பார்க்கலாமா என்று செயல் அலுவலரைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் காலை ஏழு மணிக்கெல்லாம் வண்டியோடு நானும் நடந்தேன். ஒலிபெருக்கியில் நானே பேசிப் பதிவு செய்திருந்தேன்: கழிவுத்துணி இருந்தால் தனியாகக் கொடுங்கள் என்று. நான்கு நாட்களில் கிடைத்தது ஒரே ஒரு கிழிந்த மிதியடி. வாசலுக்கு வந்தவர்களெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "துணிய யாருங்க குப்பையில போடுவாங்க?" நைட்டி கிழிந்தால் தரை துடைக்கும் துணி, வேட்டி கிழிந்தால் கைப்பிடித் துணி, அதுவும் நைந்தால் வண்டி துடைக்க, மாடு கட்டும் இடத்தில் விரிக்க. எங்கள் ஊரில் கழிவுத்துணியே கிடையாது என்று எழுதிவிடலாம் போலிருந்தது.

ஆனால் வளம் மீட்புப் பூங்காவில், அதாவது குப்பையைப் பிரித்து உரம் போடும் எங்கள் கொட்டகையில், ஓரமாக இடுப்பு உயரத்துக்குத் துணிக் குவியல் கிடந்தது. லெக்கிங்ஸ், பள்ளிக்கூட கால்சட்டை, தையல் கடை வெட்டுத்துண்டுகள், பூ வேலை செய்த சல்வார், ஈரத்தில் ஊறிப்போன பனியன்கள். வீடுகளில் யாரும் போடாத துணி இங்கே எப்படி வந்தது?

"சோத்தோட, டயப்பரோட சேத்துச் சுத்திப் போட்டுடுவாங்க மேடம்," என்றார் வண்டிப் பெண். "துணின்னு நெனச்சுப் போடறதில்ல. குப்பைன்னு நெனச்சுப் போடறாங்க. நீங்க துணி குடுங்கன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க."

அவர் சேர்த்து வைத்த சாக்கு ஒன்றில் சுண்ணாம்புக் கட்டியால் 'பட்டெ' என்று எழுதியிருந்தது. நான் பட்டு என்று வாசித்துவிட்டு, பட்டைக்கூடவா போடுகிறார்கள் என்று அவசரமாக அவிழ்த்தேன். உள்ளே பழைய பேன்ட்டுகள். வண்டிப் பெண்ணின் வீட்டில் பேசுவது கன்னடம். துணிக்கு அவர்களிடம் பட்டெ என்று பேர். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த வாரம் கேள்வியை மாற்றினோம். கழிவு என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, "வீட்டில் உடுத்தாமல் இருக்கிற துணி எவ்வளவு இருக்கிறது?" என்று மட்டும் கேட்டோம். அவ்வளவுதான், பீரோக்கள் திறந்துகொண்டன. காட்டுவதற்குத்தான், கொடுப்பதற்கு இல்லை. கவரோடு சேலைகள், ஜாக்கெட் பிட்டுகள், ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது, காதுகுத்துக்கு வைத்துக் கொடுத்தது, கிரகப்பிரவேசத்துக்கு வைத்துக் கொடுத்தது. ஒரு வீட்டில் அந்த அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணிக்கையை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்குப் போய் என் பீரோவையும் திறந்தேன். உடுத்தவே உடுத்தாத சேலை இருபத்தொன்று. எல்லாமே கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும் ரகம். அதில் ஒன்று வாடாமல்லி நிறம், மடிப்பு ஓரத்தில் நீல மைப்புள்ளி. அதை முந்தின வருடம் என் நாத்தனார் மகள் சீருக்கு நானே வைத்துக் கொடுத்திருந்தேன். அது எத்தனை வீடு சுற்றியதோ, மாமியார் வழி உறவில் யாரோ எங்கள் வீட்டுக்கே திரும்ப வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். என் கணவரிடம் காட்டினேன். "பரவால்ல, வழி தெரிஞ்சு வந்திருக்குது," என்றார்.

இந்தச் சேலைகளெல்லாம் முடிவில் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. விடை என் அண்ணன் தோட்டத்திலேயே இருந்தது. பென்னாகரத்தைத் தாண்டி, காட்டை ஒட்டி அவருக்குத் தக்காளி, நிலக்கடலை. ஞாயிற்றுக்கிழமை போனேன். சின்ன வயதிலிருந்து பார்த்த தோட்டம்தான். ஆனால் அன்றைக்குத்தான் வேலியைப் பார்த்தேன். நாலு பக்கமும் சேலை. காட்டுப் பன்றி வராமல் இருக்க, குச்சி நட்டு, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சேலைகளைச் சுற்றிக் கட்டியிருந்தார். சந்தையில் பழைய சேலை மூட்டையாக வாங்கி வருவாராம். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தானாம்.

"எத்தனை நாள் வரும்ங்கண்ணா?"

"ஒரு வெயில் தாங்கும். அப்புறம் நார் நாராப் போயிடும்."

"போய்?"

அவர் வேப்பமரத்தடியில் நின்ற டிராக்டரிடம் கூட்டிப்போனார். அதன் பின்னால் மாட்டியிருந்த, மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் கத்திகளைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கத்திகளுக்கு நடுவில் அச்சைச் சுற்றிக் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. பல நிறங்கள் கலந்து மண்ணோடு சேர்ந்து, தொட்டுப் பார்த்தால் கட்டை போல இருந்தது. "போன வருஷத்துச் சேலை. மண்ணுலதான் கெடக்குது. ஒவ்வொரு ஓட்டுக்கும் ரம்பம் போட்டு அறுத்து எடுக்கணும். முன்ன பருத்திச் சேலை கட்டுனப்ப இந்த வேலை கெடையாது. அது அதும்பாட்டுக்குக் காணாமப் போயிடும்." பிறகு அவரே, "ஆனா அது ஒரு மழைக்கே கிழிஞ்சுடும். பன்னி உள்ள வந்துடும்," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எது மக்கும், எது மக்காது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். புதைத்துப் பார்த்துவிட்டால் என்ன?

மறுநாள் வண்டிப் பெண்ணிடம் சொன்னதும், "அப்ப டீச்சரம்மா சட்டையையே கேப்போம்," என்றார்.

ரெண்டாவது வார்டில் அந்த வீட்டுக்கு முதல் முறையாக அன்றுதான் போனேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசல்படியில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். அவர் கேட்பதற்கு முன்பே, "எனக்கும் தெரியலைங்க டீச்சர். புதைச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்," என்றேன். உள்ளே வரச் சொன்னார்.

ஒரு பெஞ்சின் மேல் ஆண் உடுப்புகள் மடித்து வைத்திருந்தன. ஒரு பக்கம் காக்கி, ஒரு பக்கம் வெள்ளை. அவர் கணவர் அரசுப் பேருந்து ஓட்டியவர். இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. காரியம் முடிந்ததும் துணிகளை ஏரிக்கரையில் போட்டுவிட்டு வரச் சொன்னார்களாம். டீச்சரம்மாவுக்கு மனசு வரவில்லை. யாருக்காவது கொடுக்கலாம் என்றால், இறந்தவர் துணி என்று வாங்கத் தயங்கினார்கள். எரிக்கலாம் என்று ஒரு காக்கிச் சட்டையைக் கொளுத்திப் பார்த்திருக்கிறார். அது எரியாமல் உருகிக் கருப்பாகச் சொட்டியது. நாற்றம் ரெண்டு நாள் போகவில்லை.

"அதுக்கப்புறம்தான் குப்பை வண்டியில கேக்க ஆரம்பிச்சேன்," என்றார். "நீங்க நெனைக்கற மாதிரி வம்புக்கு இல்லைங்க. இது எங்க போய் சேருதுன்னு தெரிஞ்சா போட்டுடுவேன். தெரியாம எப்டி போடறது?"

வண்டிப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாவைப் பற்றி அவர் சலித்துச் சொன்ன பேச்சுகள் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வெள்ளைச் சட்டை ஒன்றும் காக்கிச் சட்டை ஒன்றும் கொடுத்தார். வெள்ளை சுத்தப் பருத்தி என்று உறுதியாகச் சொன்னார். வீட்டில் இருக்கும்போது கணவர் அதைத்தான் போடுவாராம். என் பங்குக்கு மைப்புள்ளிச் சேலையில் ஒரு முழம் வெட்டிக்கொண்டேன். வண்டிப் பெண் தன் பழைய சீருடை மேலங்கியைக் கொண்டுவந்தார்.

மார்க்கெட் காய்கறிக் கழிவு போடும் உரத்தொட்டிகளில் கடைசித் தொட்டியைத் துணிக்கு ஒதுக்கினோம். நான்கையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்து, மேலே அழுகிய தக்காளியும் முட்டைக்கோஸ் இலையும் சாணிக் கரைசலும். நான்கு மூலையிலும் கல் வைத்தோம். டீச்சரம்மா கூடவே வந்து, கை வைத்துத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார். படிவத்துக்கு, விவரம் ஆய்வில் உள்ளது என்று பதில் எழுதினேன். அரசாங்கத்தில் அந்த வரி மூன்று மாதம் தாங்கும்.

அந்த மூன்று மாதமும் எனக்கு ஒரே வேலை. தொட்டியைக் கிளறாமல் இருப்பது. மழை வந்தபோது உள்ளே என்ன நடக்கிறதோ என்று நினைப்பேன். டீச்சரம்மா வாரத்துக்கு ஒருமுறை காய்கறி வாங்க வரும்போது கொட்டகைக்கும் வந்துவிடுவார். எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் சூடா இருக்குதா?" என்பார். தொட்டிக்குள் கை விட்டுப் பார்த்து, இருக்கிறது என்போம்.

நூறு நாள் ஆன பிறகு ஒரு காலை மூன்று பேரும் சேர்ந்து தோண்டினோம். முதலில் சேலை வந்தது. அலசியதும் வாடாமல்லி நிறம் அப்படியே இருந்தது, கடையில் தொங்கவிடலாம் போல. காக்கிச் சட்டையும் முழுசு. நிறம் கொஞ்சம் மங்கி, அங்கங்கே இழை சன்னமாகி இருந்தது. பருத்தி கொஞ்சம் கலந்திருக்கும்போல, அது மட்டும் போயிருக்கிறது. மேலங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிப் பெண் அதை உதறிப் பார்த்துவிட்டு, "துவைச்சுப் போட்டுக்கலாம் போலக்குது," என்றார்.

வெள்ளைச் சட்டை இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. கருப்பாக, வாசனையாக, நல்ல உரம். போய்விட்டது என்று நிமிர்ந்தபோது, வண்டிப் பெண் என் கையைப் பிடித்தார். "மேடம், அசைக்காதீங்க."

மண்ணுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. விரலால் மெதுவாக மண்ணைத் தள்ளிக்கொண்டே போனார். தோள்பட்டைத் தையல், பக்கத் தையல், பாக்கெட்டைச் சுற்றிய தையல், கையின் மடிப்பு. துணி இல்லை. தைத்த நூல் மட்டும் இருந்தது. காலருக்குள் வைத்திருந்த விறைப்புத் துணி ஒரு பட்டையாக. நடுவில் வரிசையாக ஆறு பொத்தான். யாரோ மண் மேல் நூலால் சட்டை படம் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

டீச்சரம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தோள்பட்டைக் கோட்டை விரலால் தொட்டு, "இந்தப் பக்கம் கொஞ்சம் எறங்கி இருக்கும் அவருக்கு. டெய்லர் அதுக்குத் தகுந்த மாதிரி தைப்பாரு. அப்டியே இருக்குது பாருங்க," என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நூல் ஏன் மக்கலை?" என்று கேட்டார்.

மூன்று பேருக்கும் தெரியவில்லை. நேராகக் கடைவீதித் தையல் கடைக்குப் போனோம். அந்த டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு நூல் கண்டைக் காட்டினார். "இது பாலியெஸ்டருங்க. இப்ப யாரும் பருத்தி நூல்ல தைக்கறதில்ல. மெஷின் வேகத்துக்கு அறுந்துடும். துணி சுத்தப் பருத்தின்னு நீங்க வாங்கினாலும் தையல் இதுதான்." நாற்பது வருடமாக உடுத்திக்கொண்டிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

அந்த நூல் சட்டையை ஓர் அட்டையில் மண்ணோடு வாரி எடுத்து, மேலே கண்ணாடித்தாள் ஒட்டி, தர்மபுரியில் நடந்த ஆய்வுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மற்ற பேரூராட்சிகளிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் படிவத்தை நீட்டுவதற்குப் பதில் அட்டையை வைத்தேன். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"இதை எந்தக் கட்டத்துல போடுவீங்க? மக்குமா, மக்காதா?"

"தெரியலைங்க சார். அதுக்குத்தான் கொண்டுவந்தேன்."

சிலர் சிரித்தார்கள். அரூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எழுந்து வந்து ஜீன்ஸ் என்ன ஆகும் என்று கேட்டார். புதைக்கவில்லை என்றேன். அதற்குள் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மக்காத துணியைத் தடை செய்துவிட்டால் என்ன என்று ஒருவர் சொன்னார். எனக்கு வண்டிப் பெண்ணின் நினைப்பு வந்தது. மழைக்காலத்தில் அவர் மேலங்கியை ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். பருத்தி என்றால் ஈரத்தோடுதான் போட்டுக்கொண்டு வரவேண்டும். அதையும் சொன்னேன். அண்ணன் ரொட்டவேட்டரையும் சொன்னேன். அதிகாரி எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லி, மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

எழுதிக் கொடுத்தேன். பீரோவில் இருக்கும் துணியைக் கேட்காமல் கழிவை மட்டும் கேட்டால் கணக்கு வராது என்பதையும் சேர்த்தேன். அடுத்த முறை வந்த படிவத்தில் 'கலப்பு' என்று ஒரு புதிய கட்டம் இருந்தது. நான் எழுதியதால் வந்ததா, யாருமே சொல்லாமல் தானாக வந்ததா, தெரியாது. பீரோவுக்குக் கட்டம் வரவில்லை. கொள்கை இன்னும் வரவில்லை.

எங்கள் ஊரில் இப்போது வெள்ளிக்கிழமை துணிக்கென்று வண்டி போகிறது. பருத்தி என்றால் மெக்கானிக் கடைகளுக்குத் துடைக்கும் துணி விற்கும் ஒருவர் வந்து எடுத்துக்கொள்கிறார். மற்றதெல்லாம் சாக்குகளில் கொட்டகையில் கிடக்கிறது. அதற்கு வழி எனக்குத் தெரியவில்லை. டீச்சரம்மா மிச்ச வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குக் கொண்டுவந்தார். வருவதற்கு முன் வீட்டிலேயே பொத்தானை எடுத்து, தையலைப் பிரித்துவிட்டு வருவார். காக்கிச் சட்டைகளை வைத்துக்கொண்டார். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை வண்டிப் பெண் பார்த்திருக்கிறார்.

போன மாதம் தர்மபுரியில் ஒரு ஜவுளிக் கடையில் என் கணவருக்குச் சட்டை எடுக்கப் போனேன். சட்டைகளை வரிசையாக உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பனைப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன தேடறீங்கக்கா?" என்றாள்.

"இந்த நூல் என்ன நூல்னு எங்கயாவது போட்டிருக்குதா?"

அவள் சட்டையை வாங்கி, அதில் தொங்கிய சீட்டை முன்னும் பின்னும் பார்த்தாள். துணி நூறு சதம் பருத்தி என்று இருந்தது. நூலைப் பற்றி ஒன்றும் இல்லை. இன்னொரு சட்டையை எடுத்துப் பார்த்தாள், அதற்கப்புறம் இன்னொன்று. அடுத்த வாடிக்கையாளர் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. கடைசியில், தான் போட்டிருந்த கடைச் சீருடையின் கைமடிப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, அதையும் பார்க்க ஆரம்பித்தாள்.